கழுகுக்கு

ஆர்லிஸ் பிரெக்கி தன் அப்பாவின் கல்லறைக்கு மரியாதை கொடுத்து நான் பார்த்ததில்லை. மிசிசிப்பி ஆற்றங்கரையில் எங்கள் ஊர் ஓல்சன் துறை, அங்கே லூத்தரன் சபையின் கல்லறைத் தோட்டம் மலைச்சரிவில் இருக்கிறது. அதன் மேல்வரிசையில், அவள் அப்பா ஹால்வர் படுத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்தால்தான் எதிர்ப்பாறை மேல் நிற்கும் வெள்ளைப் பைன் மரமும் அதன் உச்சிக் கவட்டிலுள்ள கழுகுக்கூடும் மறைப்பில்லாமல் தெரியும். அதனால் அவள் அங்கேதான் மடக்கு நாற்காலியைப் போடுவாள். காபிக் குடுவையைக் கல்லின் மேல் வைப்பாள். நனைந்த கையுறையைக் கழற்றி அப்பாவின் பேர் மேலேயே காயப்போடுவாள். யாராவது முகம் சுளித்தால், "உசிரோட இருந்தப்ப ஒருத்தருக்கும் பிரயோஜனம் இல்ல. இப்பவாவது மேசையா இருக்கட்டும்" என்பாள்.

அப்பா மேல் அவளுக்கு அப்படி ஒரு காய்ச்சல். அவளுக்கு ஆறு வயதானபோது ஹால்வர் ஒரு வெண்தலைக் கழுகைச் சுட்டார். தன் வாத்தைத் தூக்கிவிட்டது என்று காரணம் சொன்னார். இரண்டு இறக்கைகளையும் வெட்டிக் களஞ்சியக் கதவில் ஆணி அடித்து வைத்தார். ஊர்ப் பிள்ளைகள் வரிசையாக வந்து அதன் நடுவில் நின்று கையை விரித்து அளந்து பார்த்தார்கள். யாருடைய கையும் எட்டவில்லை. அதற்குப் பிறகு ஏறத்தாழ முப்பது வருஷம் எங்கள் பக்கத்து மிசிசிப்பியில் கழுகு என்பதே கிடையாது. வயலுக்குத் தெளித்த விஷம் மீனில் இறங்கி, அதைத் தின்ற கழுகின் முட்டை ஓடு மெலிந்து உடைந்துபோனதுதான் காரணம் என்று பிற்பாடு படித்தவர்கள் சொன்னார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது தெரியுமா? கடைசிக் கழுகைத் தன் அப்பா கொன்றுவிட்டார் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். அறுபது தாண்டியும் அந்த எண்ணத்தை அவள் விடவில்லை.

முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். அவள் பஸ்ஸில் எழுந்து நின்ற பிள்ளை இல்லை, அழுதுகொண்டே இறங்கிய பிள்ளையும் இல்லை. அவள் கணவன் லாயல் ஒரு பிப்ரவரியில் அரிசோனாவுக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். குளிர் தாங்கவில்லை என்று கடிதம் எழுதினான். அவன் குளிர் என்று சொன்னது ஆர்லிஸைத்தான் என்று ஊர் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்பிருந்த பிரெக்கி என்ற பழைய பேருக்கே திரும்பிக்கொண்டாள். மகள் காரின் மின்னியாபொலிஸில் வேலை பார்க்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வருவாள், இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டுப் போவாள்.

பாறை மேல் முதல் ஜோடி வந்து கூடு கட்டிய வருஷத்திலிருந்து ஆர்லிஸ் அதைப் பார்த்து எழுத ஆரம்பித்தாள். மாநில வனத்துறை அவளைப் போன்றவர்களுக்கு ஒரு படிவம் தரும். என்ன தேதி, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, என்ன இரை, கூடு தோற்றால், அதாவது குஞ்சு பிழைக்காவிட்டால், என்ன காரணம், எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. விதி ஒன்றுதான். பார்க்கலாம், எழுதலாம், கை வைக்கக் கூடாது. பதினாலு வருஷம் அவள் அந்த விதியைப் பைபிளை விடச் சுத்தமாகக் காத்தாள். அந்தப் பதினாலு வருஷத்தில் இருபத்தோரு குஞ்சுகள் பறந்தன.

ஒருமுறை மேடிசன் நகரத்திலிருந்து வந்த ஒரு தம்பதி அவள் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, "இதுங்களுக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்கள்.

"ரெண்டும் குடும்பம் நடத்துதுங்க. பேரு வைக்க அதுங்க என்ன நாய்க்குட்டியா?"

அவளுக்குப் பெரியது 'அவள்', சிறியது 'அவன்'. கழுகில் பெண்தான் பெரிசு. "லாயலுக்கு இதக் காட்டியிருக்கணும்" என்பாள்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் என் கையும் இருக்கிறது. என் பேர் மைரன். நெடுஞ்சாலை ஓரத்தில் மான் அறுக்கும் கொட்டகை வைத்திருக்கிறேன். நவம்பரில் துப்பாக்கி வேட்டைக்கு ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் ஊரே ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு காட்டில் இருக்கும், சுட்ட மானெல்லாம் என் கொட்டகை வாசலில் இருக்கும். தோலை உரித்து, துண்டு போட்டு, அரைத்து, வெள்ளைக் காகிதத்தில் சுற்றி, மேலே என்ன கறி என்று மார்க்கர் பேனாவால் எழுதிக் கொடுப்பேன். வருஷத்துக்கு நூறு மானுக்குக் குறையாது. ஆர்லிஸும் வேட்டைக்காரிதான். வருஷம் ஒரு மான், ஒரே தோட்டா.

எனக்கு அவள் மேல் ஒரு பிரியம் உண்டு. மனைவி போய்ப் பதினோரு வருஷம் ஆன ஆள், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஆனால் அவளிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அப்பாவுக்குப் பக்கத்தில் என்னையும் ஒரு மேசையாக வைத்திருப்பாள்.

அந்தப் பதினாலாவது வருஷத்து அக்டோபரில் எனக்கு மாநில அரசிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு என்று வேட்டைக்காரர்கள் தானமாகக் கொடுக்கும் மான்கறியை எக்ஸ்ரே பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். என் கொட்டகைப் பொட்டலத்திலும் ஈயம் இருந்தது. துப்பாக்கிக் குண்டு மானுக்குள் போனதும் உடைந்து பொடியாகச் சிதறுகிறது, கண்ணுக்குத் தெரியாத தூளெல்லாம் ஒரு சாண் தூரம் வரை கறிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே குண்டுபட்ட இடத்தைச் சுற்றி ரத்தம் கட்டிய கறியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள், மனிதருக்கோ நாய்க்கோ கொடுக்காதீர்கள் என்று எழுதியிருந்தது. எல்லா அறுப்புக் கொட்டகைக்கும் போன கடிதம். நான் படித்தேன். படித்துவிட்டு, கத்தி வைக்கிற இழுப்பறையில் அடியில் விரித்துவிட்டேன்.

சொன்னபடி தாராளமாக வெட்டவும் செய்தேன். அந்த நவம்பரில் என் குப்பைத்தொட்டி மூன்றே நாளில் நிரம்பிவிட்டது. ஆர்லிஸ் தன் மானோடு வந்தவள் தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"என்ன மைரன், பாதி மானை வீசிட்டியா? உங்க அம்மா பாத்தா எந்திரிச்சு வந்து அடிப்பா."

"கறுத்த கறி. யாரும் தின்ன மாட்டாங்க."

"நல்ல கறிதானே, ரத்தம் கட்டியிருக்கு, அவ்வளவுதான். ஆறு உறைஞ்சா என் ஆளுங்களுக்கு ஒரு மீன் கெடைக்காது, இங்க கறி குப்பையில கெடக்கு."

அப்போது நான் கடிதத்தைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "வேணும்னா உன் கழுகுக்கு எடுத்துட்டுப் போயேன்" என்றேன். வாய் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டு, தொட்டியிலிருந்து நல்லதாகப் பார்த்து எடுத்து, கழுவி, மற்றவர்களுக்குச் சுற்றுவதை விடக் கவனமாகச் சுற்றி, மேலே 'கழுகுக்கு' என்று எழுதிக் கொடுத்தேன். எட்டுப் பொட்டலம். அவள் அந்த எழுத்தைப் பார்த்துச் சிரித்தாள். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவள் சுலபத்தில் சிரிக்க மாட்டாள். அந்தச் சிரிப்புக்காக அடுத்த நாலு வருஷமும் எழுதினேன்.

கடிதத்தில் மனிதர் என்று இருந்தது, நாய் என்று இருந்தது, பறவை என்று இல்லை. இப்படி எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். கழுகு ரோட்டில் செத்த நாற்றப் பிணத்தையே தின்கிறது, அதற்கென்ன ஆகிவிடப்போகிறது என்றும் வாதம் செய்தேன். வக்கீல் நல்ல வக்கீல்தான்.

அவளும் விதியை மீறினாள். மரத்துக்குக் கீழே உள்ள வைக்கோல் வயலில் ஒரு வெட்டுமரக் கட்டை இருந்தது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வாரம் ஒரு பொட்டலத்தைப் பிரித்து அதன் மேல் வைத்துவிட்டு வருவாள். படிவத்தில் அதை எழுதவில்லை. பதினாலு வருஷம் பார்த்தாயிற்று, கொஞ்சம் கவனித்துக்கொண்டால் என்ன என்று நினைத்திருப்பாள்.

முதல் விருந்து வைத்த வசந்தத்தில் இரண்டு முட்டையும் பொரிக்கவில்லை. கடுங்குளிர் என்று காரணக் கட்டத்தில் எழுதினாள். அடுத்த வருஷம் ஒரு குஞ்சு பறந்தது. அதற்கடுத்த வருஷம் குஞ்சு பத்தாம் நாளே கூட்டில் செத்துக் கிடந்தது. ஆலங்கட்டி மழை என்று எழுதினாள். நாலாவது வருஷம் அடைகாத்துக்கொண்டிருந்த பெண்கழுகு பாதியில் எழுந்து போய் இரண்டு நாள் திரும்பவில்லை, முட்டை கூழாகிவிட்டது. வேறு பெண்கழுகு வந்து சண்டை போட்டிருக்கும் என்று எழுதினாள். ஒவ்வொரு முறை தோற்றபோதும் அடுத்த நவம்பரில் என்னிடம் வந்து, "பாவம், சத்தே இல்ல மைரன். இந்தத் தடவை ரெண்டு பொட்டலம் கூடப் போடு" என்பாள். போட்டேன்.

இதற்கு நடுவில் ஒரு கிறிஸ்துமஸுக்குக் காரின் ஒரு பெட்டி செம்புத் தோட்டா கொண்டுவந்து கொடுத்தாள். ஈயம் கூடாதும்மா, பறவைகளுக்கு விஷம் என்று சொல்லியிருக்கிறாள். ஆர்லிஸ் ஒரு தோட்டாவைக் காதருகே பிடித்துக்கொண்டு என் கொட்டகைக்கே வந்தாள். "இது தோட்டாவா, தோடா? பட்டணத்துல மான்கறி பிளாஸ்டிக் தட்டுல வெளையுதுன்னு நெனச்சிட்டிருக்கா என் பொண்ணு."

கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். "செம்பு சரியா விரியாது, மான் ஓடிரும்" என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். என் இடுப்புக்கு நேரே இழுப்பறை, அதற்குள் கடிதம்.

ஐந்தாவது வசந்தம் வந்தது. ஏப்ரல் பதினோராம் தேதி இரண்டு குஞ்சு பொரித்தது. அன்று காலை அவள் எனக்குப் போன் செய்து, "ரெண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். நான் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பு ஒன்று வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவளுக்கு முழங்கால் ஆபரேஷன் ஜூலையில் என்று நாள் குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தச் சரிவு ஏற முடியாது.

"இதுதான் எனக்குக் கடைசி வருஷம்" என்றாள். "ரெண்டும் பறக்கணும் மைரன். ஒண்ணு இல்ல, ரெண்டும். அதப் பாத்துட்டேன்னா அந்தக் களஞ்சியக் கதவு என் கண்ணுக்குள்ளேருந்து போயிரும்."

தொலைநோக்கியில் எனக்கும் காட்டினாள். பெண்கழுகு மீனை நகத்தால் அழுத்திக்கொண்டு, நூல் நூலாகக் கிழித்து, தலையைச் சாய்த்துக் குஞ்சின் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தது. அத்தனை பெரிய கொக்கி மூக்கு, அத்தனை சின்ன வாய். முதலில் பொரித்த குஞ்சு இளையதன் தலையில் ஏறி மிதித்துக்கொண்டு எல்லாவற்றையும் அதுவே வாங்கியது. ஆர்லிஸுக்குப் பொறுக்கவில்லை. நானூறு கஜத்துக்கு அப்பால் இருக்கிற குஞ்சைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏய், பெரியவனே! நகந்து உக்காரு! அவனுக்கு எடம் குடு! எறக்கி விட்ருவேன்!"

கீழே போய்க்கொண்டிருந்த பாதிரியார் தன்னைத்தான் சொல்கிறாள் என்று ஒரு நிமிஷம் நின்றுவிட்டார்.

ஏப்ரல் கடைசியில் வெள்ளம். வடக்கே இருந்த பனியெல்லாம் ஒரே வாரத்தில் உருகி, ஆறு ரயில் தண்டவாளம் வரை ஏறிவிட்டது. தண்ணீர் காபி நிறத்தில் ஓடியது. அதில் மீன் எங்கே கண்ணுக்குத் தெரியும்? ஆண்கழுகு காலையிலிருந்து மூன்று முறை வெறுங்காலோடு திரும்பியது. இளைய குஞ்சு தலையைத் தூக்குவதையே விட்டுவிட்டது. ஆர்லிஸ் நாற்காலியை மடக்கினாள்.

"ஃப்ரீசர்ல உன் பொட்டலம் இன்னும் ரெண்டு இருக்கு. நீ வா, என் முழங்கால் வயலுக்குள்ள எறங்காது."

நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஒன்றை மட்டும் பிரித்து, மற்றது பிறகு ஆகட்டும் என்று அவள் ஃப்ரீசரிலேயே விட்டோம். கட்டையின் மேல் கறியை வைத்தபோது இழுப்பறை ஞாபகம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். அந்தப் பசித்த குஞ்சைப் பார்த்த பிறகு பேசாமல் இருப்பது கருணை மாதிரிகூடத் தெரிந்தது.

இருபது நிமிஷத்தில் பெண்கழுகு இறங்கியது. கட்டை மேல் நின்று கொஞ்சம் தின்றது, மீதியைத் தூக்கிக்கொண்டு கூட்டுக்குப் போனது. முதலில் பெரியதுக்குக் கொடுத்தது. பிறகு இளையதுக்கும் கொடுத்தது. ஆர்லிஸ் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. என் வாழ்க்கையில் நான் மிகச் சந்தோஷமாக இருந்த நேரம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எட்டாம் நாள் காலை பெண்கழுகு வயலில் தரையில் நின்றுகொண்டிருந்தது. இறக்கை இரண்டும் தொங்கிப் புல்லில் புரண்டன. வெள்ளைத் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நான் பத்தடி கிட்டே போயும் அது பறக்கவில்லை, வாயைத் திறந்து என்னைப் பார்த்தது. ஆர்லிஸ் போன் செய்ய, லா கிராஸ் நகரத்திலிருந்து டாக்டர் கீயா லோர் வந்தாள். காயம்பட்ட பறவைகளைப் பார்க்கிற மிருக வைத்தியர், முப்பது வயதுகூட இருக்காது. போர்வையைப் போட்டு ஒரே பிடியில் பிடித்துக்கொண்டாள். நாங்களும் பின்னாலேயே போனோம்.

எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டினாள். கழுகின் வயிற்றில் உப்பைத் தூவினாற்போல் வெள்ளைப் பொடி.

"ஈயம். குண்டுபட்ட மானைத் தின்னிருக்கு. எங்கேயாவது வேட்டைக் கழிவு கெடந்துதா?"

"வேட்டைக் காலம் முடிஞ்சு அஞ்சு மாசம் ஆச்சே" என்றாள் ஆர்லிஸ். பிறகு மெதுவாக, "நாங்க கறி வெச்சோம். ஃப்ரீசர் கறி" என்றாள்.

"எந்தப் பக்கத்துக் கறி?"

ஆர்லிஸ் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். "குண்டுபட்ட எடத்தைச் சுத்தி வெட்டினது."

கீயா லோர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அதுலதான் அத்தனையும் இருக்கும்" என்றாள். "எவ்வளவு நாளா வெக்கிறீங்க?"

"அஞ்சு குளிர்காலம்."

திரும்பி வரும்போது வண்டியில் ஆர்லிஸ் கேட்டாள். "மைரன், உனக்குத் தெரியுமா இது?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"சரி" என்றாள். நம்பிவிட்டாள். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்கு மடி முழுக்கக் கனம், அந்த முப்பது மைலும் அவள் இன்னொரு கேள்வி கேட்டுவிடுவாளோ என்று பயந்துகொண்டே வண்டி ஓட்டினேன். அவள் கேட்கவில்லை.

பெண்கழுகு மூன்றாம் நாள் செத்தது. அதே வாரம் இரண்டு நாள் விடாமல் குளிர்மழை. சின்னக் குஞ்சுகளுக்கு மேல் இறக்கையை விரித்து மூட அம்மா இல்லை. ஆண் தன்னால் முடிந்ததைச் செய்தது. அது மூட உட்கார்ந்தால் மீன் இல்லை, மீனுக்குப் போனால் மூட ஆள் இல்லை. இளையது முதலில் போனது. பெரியது அடுத்த நாள். இரண்டின் வயிற்றிலும் நாங்கள் கொடுத்தது இருந்திருக்கும், பிறகு ஏறிப் பார்த்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். அதற்குள் வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிந்துவிட்டது. ஆண்கழுகு மீனாகக் கொண்டுவந்து செத்த குஞ்சுகளுக்கு முன்னால் போட்டுக்கொண்டே இருந்தது. ஆர்லிஸ் எண்ணி எழுதினாள். ஏழு மீன். தின்ன ஆளில்லை.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொல்வார்கள். அவள் ஊட்டியதற்குக் கிடைத்தது இது.

படிவத்தின் காரணக் கட்டத்தில் பெரிய எழுத்தில் 'ஆர்லிஸ் பிரெக்கி' என்று எழுதினாள். அதோடு நிற்கவில்லை. பழைய படிவங்களின் நகல்களை எடுத்து, கடுங்குளிர், ஆலங்கட்டி மழை, வேறு கழுகு என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு அங்கேயும் தன் பேரையே எழுதி அனுப்பினாள். அலுவலகத்திலிருந்து ஒரு பையன் தயங்கித் தயங்கிப் போன் செய்தான். காரணத்தில் ஆள் பேரைப் போட முடியாது என்றானாம்.

"அப்ப ஈயம்னு போட்டுக்கோ. ஆனா ஈயம் தானா பறந்து போய் அது வாயில விழல, அதையும் எழுதிக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிறகு என்னிடம் சொன்னாள். "எங்க அப்பன் துப்பாக்கியால ஒண்ணக் கொன்னான். நான் கையால ஊட்டி ஒரு குடும்பத்தையே கொன்னேன். அவன் ஒரு நிமிஷத்துல முடிச்சான். நான் அஞ்சு வருஷம் எடுத்துக்கிட்டேன்."

நான் அவள் தோளில் கை வைத்து, "உனக்குத் தெரியாதில்ல, ஆர்லிஸ்" என்றேன். உனக்கு என்ற சொல் என் வாயிலிருந்து அப்படிச் சுலபமாக வந்தது.

கோடை முழுக்க ஊர் அவளைத்தான் மென்றது. வெள்ளிக்கிழமை மீன்வறுவல் விருந்தில் அவள் நுழைந்தால் ஒரு மேசை முழுக்கச் செருமும். "ஆர்லிஸ் குடுக்கிற கேக்கைத் தின்னுறாதீங்கடா" என்று ஒருத்தன் சொல்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரித்த அத்தனை பேரும் அதே ஈயத் தோட்டாவால் சுட்டு, குடலைக் காட்டிலேயே போட்டுவிட்டு வருகிறவர்கள். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை. நான் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். சிரிக்கவில்லை. ஆனால் வாயில் மீன் இருந்தது, பேசாமல் இருக்க அது வசதியாக இருந்தது.

ஒரு நாள் கல்லறைத் தோட்டத்தில் அவளைப் பார்த்தேன். தொலைநோக்கி இல்லை, நாற்காலி இல்லை. முழங்கால் வலியோடு மண்டியிட்டு, அப்பாவின் கல்லில் பத்தொன்பது வருஷமாகப் படிந்த காபி வட்டங்களைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ஜெரேனியம் தொட்டி.

"என்ன ஆர்லிஸ், திடீர்னு?"

"இனிமே இவரைப் பேச எனக்கு வாய் இல்ல" என்றாள்.

அன்றாவது நான் சொல்லியிருக்கலாம். பாதிச் சுமையை நான் எடுத்துக்கொண்டிருந்தால் அந்தக் கல்லைத் தேய்க்க அவள் மண்டியிட்டிருக்க மாட்டாள். தண்ணீர் வாளியை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

அக்டோபரில் ஒரு நாள் நான் வெளியே போயிருந்தபோது அவள் கொட்டகைக்கு வந்திருக்கிறாள். தன் சமையல் கத்தியைத் தீட்ட எண்ணெய்க்கல் எடுத்துக்கொள்ளட்டுமா என்று காலையில் கேட்டிருந்தாள், இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துக்கொள் என்று நானேதான் சொன்னேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பது இதுதான். திரும்பி வந்தபோது இழுப்பறை திறந்து கிடந்தது. கத்திகளெல்லாம் மேசை மேல் வரிசையாக எடுத்து வைக்கப்பட்டிருந்தன. எண்ணெய்க்கல் அங்கேயே இருந்தது. கடிதமும் அங்கேயே, விரித்தபடி. தேதி இருக்கிற மேல்மூலையை மட்டும் யாரோ ரத்தக்கறை போகத் துடைத்திருந்தார்கள்.

போன் செய்தேன், எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனேன், திரைச்சீலை அசைந்தது, கதவு திறக்கவில்லை.

நவம்பர் வந்தது. வேட்டை துவங்கிய முதல் சனிக்கிழமை, கொட்டகையில் ஆறேழு பேர் மானோடு காத்திருந்தார்கள். ஆர்லிஸ் ஊன்றுகோலோடு உள்ளே வந்தாள். மான் இல்லை. கையில் ஒரு வெள்ளைப் பொட்டலம், கல்லாக உறைந்தது. வெட்டுப்பலகையின் மேல் டொக்கென்று வைத்தாள். என் கையெழுத்து. வசந்தத்தில் மிச்சம் வைத்த இரண்டாவது பொட்டலம். 'கழுகுக்கு' என்று நான் எழுதியதன் குறுக்கே ஒரு கோடு அடித்திருந்தாள். அதற்குக் கீழே, படிவத்தில் எழுதுகிற அதே பெரிய எழுத்தில், 'மைரனுக்கு'.

"அட, மைரனுக்குக் காதல் பார்சல் வந்திருக்குடா!" என்று ஒருத்தன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆர்லிஸ் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பஸ்ஸிலிருந்து ஒரு பிள்ளையை இறக்கி விடுகிற குரலில் சொன்னாள்.

"நல்லாக் கழுவிச் சுத்தினது. எனக்குன்னு பாத்துப் பாத்து எடுத்தது. வறுத்துத் தின்னு."

போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ஜூலையில் தள்ளிப்போட்ட ஆபரேஷனை முடித்துக்கொண்டு, வீட்டை விற்றுவிட்டு, மகளோடு மின்னியாபொலிஸ் போய்விட்டாள். பாறை மேல் கூடு காலியாக இருக்கிறது, போன வருஷக் காற்றில் ஒரு பக்கம் சரிந்துவிட்டது.

பொட்டலம் என் ஃப்ரீசரின் அடியில் இருக்கிறது. குப்பைமேட்டில் போட்டால் கழுகு வரும். மண்ணில் புதைத்தால் நரி தோண்டும், நரியைக் கழுகு தின்னும். ஆற்றில் போடுவதா என்று யோசித்தேன், ஆறு மீனுக்குக் கொடுக்கும், மீன் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அதை வைக்க இந்த ஊரில் இடமில்லை. பேர் எழுதியிருக்கிற ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. இரண்டு முறை வெளியே எடுத்துச் சட்டியையும் அடுப்பில் வைத்துவிட்டேன். இரண்டு முறையும் பயந்துபோய்த் திரும்ப உள்ளே வைத்தேன்.